துரவு அங்கேயே இருந்தது



ஜூன் மாதம் நெருங்கிவிட்டது. வழக்கப்படி 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுமானால், சில நாட்களில் கல்லணையைக் கடந்து நம் மயிலாடுதுறைக் காவிரிக்கும் புதுவெள்ளம் நுங்கும் நுரையுமாக வந்து சேரும். குறுவைக்கு நீர் கிடைத்தது என்று விவசாயி மகிழ்வார். பிள்ளைகளோ படித்துறைக்கு ஓடுவார்கள். அந்த மகிழ்ச்சியோடுகூட ஒவ்வோர் ஆண்டும் என் உள்ளத்தில் ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன், வெகு தொலைவில், வனாந்தரத்தில் தனித்து விடப்பட்ட ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், லிமா நகரிலிருந்து புகால்பா என்னும் ஊருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 92 பேர் இருந்தனர். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஜூலியானே கோப்கே என்னும் 17 வயதுப் பெண், தன் தாயின் அருகே ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். பண்டிகைக்குத் தந்தையிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே இருவருடைய ஆவல். வழியில் இடிமேகங்களுக்குள் சிக்கிய விமானத்தை மின்னல் தாக்கியது. அது வானத்திலேயே சிதறியது. இருக்கையோடு கட்டப்பட்டிருந்த அந்தப் பெண், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தாள்.

கண் விழித்தபோது அவள் தனியே கிடந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கையில் ஆழமான காயம் இருந்தது. கிட்டப்பார்வை உள்ள அவளுடைய மூக்குக்கண்ணாடி போய்விட்டது. காலில் ஒற்றைச் செருப்பு. உண்பதற்கு அகப்பட்டது ஒரு பை மிட்டாய் மாத்திரமே. தாயைத் தேடினாள், காணவில்லை. மேலே தேடுதல் விமானங்களின் ஓசை கேட்டது. அடர்ந்த மரங்களின் கீழே நிற்கிறவளை யாரால் காணமுடியும்?

அவள் என்ன செய்தாள் என்பதைக் கவனியுங்கள். அவளுடைய பெற்றோர் இருவரும் விலங்கியல் அறிஞர்கள். 1968-ஆம் ஆண்டு அந்தக் காட்டிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்து, மகளையும் அழைத்துச்சென்று, ஒன்றரை ஆண்டு காலம் அங்கே வாழ்ந்தவர்கள். காட்டில் வழி தவறினால் நீரோடையைத் தேடு. ஓடை ஆற்றுக்குப் போகும், ஆறு மனிதரிடம் போகும் என்று தந்தை அவளுக்குச் சொல்லியிருந்தார். அவள் ஓர் ஊற்றைக் கண்டாள். அது ஓடையாயிற்று. ஓடையின் வழியே நடந்தாள். முன்னால் பாம்பு கிடக்குமோ என்று செருப்பணிந்த காலையே முதலில் எடுத்துவைத்தாள். ஆழமற்ற நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை மீன்கள் கொட்டிவிடாதபடி தரையைத் துழாவி நடந்தாள். ஒரு நாள், ஹோட்சின் என்னும் பறவையின் குரல் அவள் காதில் விழுந்தது. அந்தப் பறவை திறந்த பெருநீர் உள்ள இடங்களில்தான் வாழும் என்பது அவளுக்குத் தெரியும். பெரிய ஆறு அருகில் இருக்கிறது என்று உணர்ந்து, அந்தத் திசையிலே போனாள்.

பத்தாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு படகும் ஒரு குடிசையும் தென்பட்டன. அதற்குள் அவளுடைய கைக்காயத்தில் புழுக்கள் வைத்துவிட்டன. வீட்டு நாய்க்கு இப்படிப் புழு வைத்தபோது தந்தை மண்ணெண்ணெய் ஊற்றியது அவள் நினைவுக்கு வந்தது. படகில் இருந்த எரிபொருளைக் காயத்தில் ஊற்றி, ஏறக்குறைய முப்பது புழுக்களை எடுத்தாள். படகை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அது பிறருடைய பொருள் என்று அதைத் தொடாமல் விட்டாள். மறுநாள் அங்கே வந்த காட்டுத் தொழிலாளர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் உயிரோடு திரும்பியவள் அவள் ஒருத்தியே.

பிரியமானவர்களே, இந்த வரலாற்றைக்கொண்டு இரண்டு வகையாகப் பிரசங்கிக்க நமக்குத் தெரியும். முதலாவது, இது முழுவதும் அற்புதம் என்பது. இரண்டாவது, இது முழுவதும் அந்தப் பெண்ணின் தைரியம் என்பது. இரண்டையும் நான் மேடையிலே கேட்டிருக்கிறேன்; நானே பிரசங்கித்தும் இருக்கிறேன். இரண்டிலும் ஓர் அவசரம் இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்தவள் பிழைத்ததை அற்புதம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் விழுந்த பின் வந்த பதினொரு நாட்களையும் அதே ஒரு சொல்லால் மூடிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த ஒரு தகப்பனையும் தாயையும் நாம் மறைத்துவிடுகிறோம். தைரியம் மாத்திரமே என்றால், ஓடைக்கு எதிர்த்திசையில் தைரியமாய் நடந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்கவேண்டும்.

அவளுடைய தாய் பறவைகளை ஆராய்ந்தவர். அந்தத் தாய் விபத்தில் மரித்துப்போனார். ஜனவரி மாதத்தில் அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். ஆயினும் அவர் தம் வாழ்நாளெல்லாம் நேசித்துக் கவனித்த பறவைகளில் ஒன்றின் குரலே மகளுக்கு ஆற்றின் வழியைக் காட்டியது. மரித்தும் தன் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திய தாய் என்று அவரைச் சொன்னால் அது மிகையாகாது என்றே நினைக்கிறேன்.

இப்பொழுது வேதத்துக்கு வருவோம். ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகாரும் இஸ்மவேலும் பெயெர்செபாவின் வனாந்தரத்தில் அலைந்த பகுதி அது. ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் இஸ்மவேலைக் கைக்குழந்தையாக வரைந்துவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: ஆபிரகாமுக்கு 86 வயதானபோது இஸ்மவேல் பிறந்தான்; 100 வயதானபோது ஈசாக்கு பிறந்தான். ஈசாக்கு பால் மறந்த விருந்துக்குப் பிறகே ஆகாரும் அவள் மகனும் அனுப்பிவிடப்பட்டார்கள். அப்படியானால் இஸ்மவேல் 14 வயதைத் தாண்டிய விடலைப் பையன். உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கிற மகனை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வயது.

துருத்தியின் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. மகன் சாவதைப் பார்க்கச் சகியாமல், தாய் அவனை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, எட்டிப்போய் உட்கார்ந்து அழுதாள். சத்தமிட்டு அழுதவள் தாய் என்று வேதம் சொல்கிறது. தேவன் கேட்டதோ பிள்ளையின் சத்தத்தை என்று சொல்கிறது. தேவன் கேட்கிறார் என்பதே அவனுடைய பெயரின் பொருளும் ஆகும். பின்பு தேவதூதன் அந்தத் தாய்க்கு ஒரு வேலையைக் கொடுத்தான்: எழுந்திருந்து, பிள்ளையைத் தூக்கி, அவனைக் கையால் பிடித்துக்கொள்ளும்படி சொன்னான். அதற்குப் பிறகே தேவன் அவளுடைய கண்களைத் திறந்தார். அவள் ஒரு தண்ணீர்த் துரவைக் கண்டாள்.

தேவன் அந்த நேரத்தில் ஒரு துரவை உண்டாக்கினார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கன்மலையைப் பிளந்து தண்ணீர் கொடுக்க வல்லவர் அவர். பின்னாட்களில் இஸ்ரவேலருக்கு அப்படியே கொடுத்தார். ஆனால் ஆகாருக்கு அவர் செய்த அற்புதம் வேறு. துரவு அங்கேயே இருந்தது. காணும் கண்தான் வேண்டியிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். அந்தப் பிள்ளை பின்பு வனாந்தரத்தை விட்டு ஓடவில்லை. அதே வனாந்தரத்தில் வளர்ந்தான், வில்வித்தையில் வல்லவனானான். தேவன் அவனோடிருந்தார் என்பதும், அவன் வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான் என்பதும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவர் கூட இருக்கிறார், ஆகையால் வில் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இதுவே என் கருத்து: பிள்ளைகளுக்கு இந்த உலகத்தை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, கண் திறக்கும் தேவனுடைய ஊழியத்தில் ஒரு பங்கு. அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி ஒதுக்கும் பெற்றோரும் போதகரும், துரவின் அருகிலேயே பிள்ளையைத் தாகத்தோடு விட்டுவைக்கிறோம்.

அண்மையில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் கொலம்பியா நாட்டின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதில் இருந்த பெரியவர்கள் மூவரும் மரித்தார்கள். நான்கு பிள்ளைகள் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லை. 40 நாட்களுக்குப் பின், ஜூன் 9-ஆம் நாள், நால்வரையும் உயிரோடு கண்டெடுத்தார்கள். விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவை முதலில் உண்டு, பின்பு காட்டில் கிடைத்தவற்றை உண்டு, மூத்தவள் தன் தம்பி தங்கைகளைக் காத்திருக்கிறாள். அவர்கள் காட்டை அறிந்த பழங்குடிப் பிள்ளைகள். எதை உண்ணலாம், எதைத் தொடலாகாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கற்றவர்கள். தேடிச் சென்ற ஹெலிகாப்டர்களிலிருந்து, ஓரிடத்தில் தங்கியிருங்கள் என்று அவர்களுடைய பாட்டியின் குரலை, அவர்களுடைய தாய்மொழியிலேயே ஒலிபரப்பினார்கள். வனாந்தரத்துக்கு மேலே ஒரு பாட்டியின் குரல்! அதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

நம் ஊரில் காடு இல்லையே, ஐயா, என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், நடுவே காவிரி, மஞ்சளாறு, வீரசோழன், வடக்கே கொள்ளிடம், கிழக்கே கடல். இதுவே நம் பிள்ளைகளுடைய வனாந்தரம். ஆற்றில் சுழல் இருக்கிறது. மதகின் அடியில் இழுவை இருக்கிறது. வரப்பில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இருக்கின்றன. ஐப்பசி மழையில், திறந்த வயலில் நிற்கிறவன்மேல் இடி விழுகிறது. நம் தாத்தாக்கள் இதை அறிந்திருந்தார்கள். பேரனின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி வாய்க்காலில் இறக்கினார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று காட்டினார்கள். நாமோ பிள்ளையைத் தனிப்பயிற்சி வகுப்பில் இறக்கிவிட்டு, வாசலிலேயே நின்று திரும்ப அழைத்து வருகிறோம். நீட் தேர்வின் வேதியியல் தெரிந்த பிள்ளைக்குத் தன் ஊர் ஆற்றின் ஆழம் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபனின் அடக்க ஆராதனையை நடத்தினேன். கோடை விடுமுறை, நண்பர்களோடு கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனவன். முழங்கால் அளவே நீர் ஓடிய ஆறு அது. மேலே அமைதியாய்த் தெரிந்த நீருக்குக் கீழே, மணல் அள்ளிய குழி ஒன்று ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடந்தது. கரையில் நின்றவர்களுக்கும் நீச்சல் தெரியாது. 23-ஆம் சங்கீதத்தைத் தடுமாறாமல் ஒப்புவித்து, எங்கள் சபையில் பரிசு வாங்கியவன் அவன். அந்தப் பரிசை அவன் கையில் கொடுத்தவன் நான். சவப்பெட்டியின் அருகே நின்றபோது ஒரு கேள்வி என்னைக் குத்தியது: இவனுக்குச் சங்கீதத்தைக் கற்றுக்கொடுத்த நாம், ஆற்றை ஏன் கற்றுக்கொடுக்கவில்லை? அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த மடலே, காலந்தாழ்ந்த என் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மறக்காது. தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் ஆராதனை நாளாகிய அந்த ஞாயிறு எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதே நாளில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த இந்தோனேசியத் தீவு ஒன்று உண்டு. சிமெலுவே என்று பெயர். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஆழிப்பேரலையால் மாண்டவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. காரணம், 1907-ஆம் ஆண்டில் அங்கே வந்த பேரலையின் கதையை அந்தத் தீவின் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காதே, குன்றுக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். தொண்ணூற்றேழு ஆண்டுகள் வாய்வழியாகவே காத்துவைத்த பாடம், ஒரு காலைப் பொழுதில் ஆயிரமாயிரம் பேரைக் காத்தது.

இரண்டு ஆட்சேபணைகளுக்கு நான் பதில் சொல்லவேண்டும். ஒன்று, கர்த்தர் காப்பார், அது போதும் என்பது. கர்த்தர் காப்பார் என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தையே அவன் காட்டினான். நம் ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்ப்பது விசுவாசம் ஆகாது என்பதை அவர் அங்கே வரையறுத்துவிட்டார். மற்றொன்று, ஆற்றுப் பக்கமே போகாதே என்று தடுத்துவிட்டால் போதாதா என்பது. பெற்றோரே, உங்கள் 15 வயதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தடுக்கப்பட்ட இடத்துக்குப் போகாமல் இருந்தீர்களா? தடுக்கப்பட்ட பிள்ளை ஒரு நாள் போகத்தான் போகிறான். அன்றைக்கு ஒன்றும் அறியாதவனாகவும், உங்களிடம் சொல்லாமலும் போவான். அதுவே பெரிய ஆபத்து.

ஆகவே, இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். உபாகமம் ஆறாம் அதிகாரம், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் வீட்டை மாத்திரமல்ல, நடக்கிற வழியையும் சேர்க்கிறது. ஒரு மாலைப்பொழுது உங்கள் பிள்ளையோடு ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். எங்கே சுழல், எங்கே மடு, எங்கே குழி என்று ஊர்ப் பெரியவரைக்கொண்டு காட்டுங்கள். நீச்சல் தெரிந்த ஒருவரின் கண்காணிப்பில் மகனுக்கும் மகளுக்கும் நீந்தப் பழக்குங்கள், மகளை விட்டுவிடாதீர்கள். வெள்ளம் இழுத்தால் அதை எதிர்த்துப் போராடாமல், மல்லாந்து மிதந்து, நீரின் போக்கோடு சாய்வாகக் கரையை நாடவேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவன் மூழ்கினால் நீந்தத் தெரியாதவன் குதிக்கக்கூடாது; கயிறு, மூங்கில், துண்டு, காலிக்குடம், எது கைக்கு அகப்படுகிறதோ அதை நீட்டவோ வீசவோ வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இடி இடித்தால் தனி மரத்தின் கீழே ஒதுங்கக்கூடாது.

சபை மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரே ஒரு நாளை இதற்கென்று பிரித்துக் கொடுங்கள். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினரை அழைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அன்றைய தினத்தின் வேதபாடமாக ஆகாரையும் இஸ்மவேலையும் வையுங்கள். அந்த ஒரு நாளால் வேதம் குறைந்துவிடாது.

முடிக்குமுன் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கற்றுக்கொடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. அந்த விமானத்தில் 91 பேர் மாண்டார்கள். அந்தக் காட்டைத் தன் மகளைவிட நன்றாக அறிந்த தாயும் அவர்களில் ஒருவர். ஏன் இவள், ஏன் மற்றவர்கள் இல்லை என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் பேசுவது துக்க வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்யும் கொடுமை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதை வாசித்துக்கொண்டிருந்தால், அம்மா, இது உங்கள்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. உங்களோடு அழுகிற ஒருவனின் சொல்லாக இதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜீவனும் மரணமும் தேவனுடைய கரத்தில் இருக்கின்றன. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையையோ அவர் நம்மிடம் கொடுத்திருக்கிறார். ஆகாரிடம் அவர் கேட்டதும் அதையே.

புதுவெள்ளம் வருமுன் உங்கள் பிள்ளையோடு கரைக்குப் போய் வாருங்கள். என்றோ ஒரு நாள் நீங்கள் அருகில் இல்லாத இடத்தில், உங்கள் குரல் அவன் காதில் கேட்கும்.

ஜெபிப்போம்: பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிற தேவனே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். நாங்கள் கற்றுக்கொடுக்கத் தவறியவற்றை எங்களுக்கு மன்னியும். அருகில் இருக்கும் துரவைக் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு நேரத்தையும் பொறுமையையும் தாரும். பிள்ளைகளை இழந்து தவிக்கும் பெற்றோரை உமது மார்போடு அணைத்துத் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.